கென்யா மாவட்ட மருத்துவமனைகளில் குழந்தை சிகிச்சைத் தரத்தை அளப்பது எப்படி?

கேள்வி: இறப்பு விகிதம் மட்டும் போதுமா?

பதில் 1: போதாது. மோசமான நிலையில் குழந்தைகள் வந்து சேரும் இடத்தில் நல்ல சிகிச்சையும் தோற்றதுபோல் தெரியும். கேஸ் ஷீட்டுகளைக் குலுக்கல் முறையில் எடுங்கள். நிமோனியா என்றால் மூச்சு எண்ணிக்கை, ஆக்ஸிஜன் அளவு, எடை பதிவாகியிருக்கிறதா? ஜென்டாமைசின் என்ற ஆன்டிபயாட்டிக்கின் டோஸ் உடல் எடையில் கிலோவுக்கு 7.5 மி.கி., நாளுக்கு ஒருமுறை (பச்சிளங்குழந்தைக்குக் குறைவு). எடை இல்லாவிட்டால் டோஸைச் சரிபார்க்கவே முடியாது.

பதில் 2: மூச்சு எண்ணிக்கை எல்லாம் 40, 44, 48 என்றே இருந்தால் சந்தேகப்படுங்கள். முழு நிமிடம் எண்ணாமல் 15 விநாடி எண்ணி நான்கால் பெருக்கியிருப்பார்கள். 2 முதல் 11 மாதக் குழந்தைக்கு, மூச்சு வேகமாக இருக்கிறது என்று சொல்ல நிமிடத்துக்கு 50தான் எல்லை. அங்கே இந்தப் பிழை நோயறிதலையே மாற்றிவிடும்.

பதில் 3: எழுதாததெல்லாம் செய்யாதது ஆகாது. கென்யாவில் குழந்தையை மருத்துவமனையில் சேர்க்கும்போது நிரப்பும் அச்சிட்ட படிவம் வந்ததும் பதிவு மேம்பட்டது. அதைச் சிகிச்சை மேம்பாடாக எண்ணிவிடாதீர்கள், கொஞ்ச நேரம் வார்டில் நேரடியாகவும் பாருங்கள்.