வீட்டுத் தெருவில் சரக்கு வேன் நிறுத்தத் தடை: சங்கத்துக்கு அதிகாரம் உண்டா?

கேள்வி:
வணக்கம். பொருள் விநியோகத்துக்காக நான் ஓட்டும் சிறிய சரக்கு வேனை, வேலை முடிந்ததும் இரவில் என் வீட்டை ஒட்டிய தெருவில் நிறுத்துவது வழக்கம். வணிக வாகனங்கள் இங்கே நிற்கக் கூடாது என்று குடியிருப்போர் சங்கம் இப்போது பலகை வைத்திருக்கிறது. பக்கவாட்டில் நிறுவனத்தின் பெயர் இருப்பதைத் தவிர, பெரிய காருக்கும் இதற்கும் அளவில் வேறுபாடு அதிகமில்லை. எதை வணிக வாகனம் என்கிறார்கள்? தடை விதிக்கச் சங்கத்துக்கு அதிகாரம் உண்டா?

மறுமொழி 1:
வரையறை ஊருக்கு ஊர் மாறும். ஜெர்மனியின் சாலைப் போக்குவரத்து விதி எடையைப் பார்க்கிறது. அனுமதிக்கப்பட்ட மொத்த எடை (வண்டியும் அது ஏற்றக்கூடிய சுமையும் சேர்ந்தது) 7.5 டன்னுக்கு மேற்பட்ட வாகனங்களையும் 2 டன்னுக்கு மேற்பட்ட ட்ரெய்லர்களையும் குடியிருப்புப் பகுதிகளில் இரவு 10 முதல் காலை 6 மணி வரையிலும், ஞாயிறு, பொது விடுமுறை நாள்களிலும் வழக்கமாக நிறுத்தி வைப்பதை அது தடுக்கிறது. உங்கள் வேன் அதில் சிக்காது. ஆனால் நியூயார்க் நகர விதி, குடியிருப்புத் தெருக்களில் இரவு 9 முதல் காலை 5 மணி வரை வணிக வாகனங்களை நிறுத்தக் கூடாது என்கிறது. அங்கே வணிகப் பதிவுள்ள சிறிய வேனும் தப்பாது. எடை வரம்பு உள்ள ஊரில் பதிவுச் சான்றில் உள்ள மொத்த எடையே கணக்கு என்பதால், வண்டி காலியாக நிற்கிறது என்ற வாதம் எடுபடாது.

அதிகாரத்தைப் பொறுத்தவரை, பொதுச்சாலையில் தடை விதிப்பது உள்ளாட்சியோ காவல்துறையோ செய்ய வேண்டிய வேலை. சங்கத்தின் பலகை அங்கே வேண்டுகோள் மட்டுமே.

மறுமொழி 2:
அனுமதி உள்ள தெருவிலும் கால வரம்பு இருக்கலாம் என்பதைச் சேர்த்துக்கொள்ளுங்கள். இந்தியாவின் மோட்டார் வாகனச் சட்டம், 1988, பிரிவு 127-இன்படி, பொது இடத்தில் 10 மணி நேரமோ அதற்கு மேலோ கவனிப்பாரின்றி விடப்பட்ட வாகனத்தை, அது சொந்தக் காராகவே இருந்தாலும், இழுத்துச் செல்லவோ சக்கரத்தைப் பூட்டவோ சீருடையிலுள்ள காவல் அதிகாரி உத்தரவிடலாம். தவிர, அண்டை வீட்டாரின் மனக்குறை பெரும்பாலும் வேனில் உள்ள நிறுவனப் பெயரைப் பற்றியதாக இருப்பதில்லை. தெருமுனையில் எதிரே வருவதை மறைக்கும் உயரமான பெட்டியும், விடியுமுன் உறுமும் எஞ்சினும்தான் புகாராகின்றன. முனையிலிருந்து தள்ளி நிறுத்தினாலே பாதிச் சண்டை அடங்கிவிடும்.

கேட்டவர்:
மிக்க நன்றி. ஒன்றைச் சொல்லத் தவறிவிட்டேன்: எங்கள் மனைப்பிரிவின் சாலைகள் இன்னும் உள்ளாட்சியிடம் ஒப்படைக்கப்படவில்லை.

மறுமொழி 1:
அப்படியானால் என் விடை மாறுகிறது. சாலை சங்கத்தின் கூட்டுச்சொத்தாக இருந்தால், அதன் துணைவிதிகள் (சங்கம் தனக்கென வகுத்துக்கொண்ட விதிகள்) உறுப்பினரைக் கட்டுப்படுத்தும். இருப்பினும் நிர்வாகக் குழு நினைத்தவுடன் பலகை நட்டுவிட முடியாது. துணைவிதியில் அதற்கு இடமிருக்க வேண்டும், அதில் சொல்லப்பட்ட முறைப்படி தீர்மானமும் நிறைவேறியிருக்க வேண்டும். இவ்விரண்டின் நகலையும் எழுத்து மூலம் கேளுங்கள். வணிக வாகனம் என்பதற்கு அதில் எடை வரம்பு ஏதும் தரப்பட்டிருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.