ட்ரெயிலர் சில்லு சுற்றவில்லை, அவசரம்!

வடலியான்: அண்ணைமார், வட ஒன்ராறியோவில் ஹேர்ஸ்ட் டவுனில் நிற்கிறேன். காலையில் ட்ரக்கை எடுத்தால் ட்ரெயிலர் சில்லு உருளாமல் பனியில் அப்படியே இழுபடுகிறது. பிரேக் விடுகிற பட்டன் அமுக்கியாச்சு. கெதியாய் சொல்லுங்கோ.

சில்லுச்சித்தர்: எல்லாச் சில்லுமா, ஒன்றிரண்டா? எத்தனை டிகிரி? லோடா, வெறுமையா? பிரேக் காற்று எவ்வளவு? ஒன்றும் சொல்லாவிட்டால் நாங்கள் மை போட்டா பார்க்கிறது?

நிப்பிகன் ராசா: டீசல் உறைந்திருக்கும் தம்பி. பில்டரை மாற்று.

சில்லுச்சித்தர்: எஞ்சின் ஓடாமலா ட்ரெயிலரை இழுத்தவர்?

வடலியான்: மைனஸ் 36. பேப்பர் ரோல் லோட். காற்று 120 பிஎஸ்ஐ. பின் நாலு சில்லும்.

பனங்கிழங்கு: காற்று போனால்தானே ட்ரெயிலர் பிரேக் விடும். அதுக்குரிய சிவப்புப் பட்டனை அமுக்கும்போது காற்று மீற்றர் ஊசி கொஞ்சம் இறங்கி ஏறுகிறதா? இறங்காவிட்டால் ட்ரெயிலருக்குக் காற்றே போகவில்லை, சிவப்பு ஹோஸில் ஐஸ் அடைத்திருக்கும். இறங்கினால் பிரேக் ஷூ, அது அழுத்துகிற சில்லு டிரம்மோடு உறைந்து ஒட்டிவிட்டது. நேற்று சேற்றுப்பனியில் வந்து, பிரேக் சூட்டோடு பட்டனை இழுத்து நிறுத்தினீரோ?

வடலியான்: ஓம் அண்ணை. ஊசி இறங்குகிறது.

ஏரிப்பாதை: இந்தக் குளிருக்கே இப்படியா? நான் கனடா வடக்கில் யெலோநைஃப் பக்கம் டிபிட்–கொன்ட்வொய்டோ பனிக்காலப் பாதையில் வைரச் சுரங்கத்துக்கு டீசல் இழுத்தவன். பெரும்பகுதி ஏரி ஐஸ். சிவப்பு லைனில் ஒரு கப் மெதைல் ஹைட்ரேட், அதுதான் ஐஸ் கரைக்கிற ஆல்கஹால், ஊற்றும், விஷயம் முடிந்தது. ஹைவேக்காரருக்கு இதெல்லாம் யார் சொல்லிக் கொடுக்கிறது!

பனங்கிழங்கு: லைனில் ஐஸ் இல்லை என்று இப்போதுதானே தெரிந்தது? ஊற்றினால் வால்வு ரப்பர்தான் கெடும். தம்பி, ட்ரக் பிரேக்கின் மஞ்சள் பட்டனை இழுத்தபடி விட்டு, சிவப்பை மட்டும் அமுக்கும். ட்ரக் சில்லுக்குக் கட்டை வையும். பிறகு கீழே போய் டிரம்மைச் சுற்றிச் சுத்தியலால் தட்டும், அடிக்க வேண்டாம். சத்தம் மாறும், ஐஸ் தூளாய்க் கொட்டும். நெருப்புப் பிடிக்க வேண்டாம், சுடுதண்ணியும் வேண்டாம். இழுத்துக்கொண்டு ரோட்டில் ஏறினால் ரயர் ஒரு பக்கம் தேய்ந்து தட்டையாகிவிடும்.

நிப்பிகன் ராசா: ஏரிப்பாதை அண்ணை, ஐஸில் கெதியாய்ப் போனால்தானே பாரம் ஓரிடத்தில் நிற்காது? அங்கே ஏன் லோடோடு மணிக்கு 25 கிலோமீட்டர் வேகம்தான்?

ஏரிப்பாதை: ட்ரக் போகப்போக ஐஸுக்குக் கீழே தண்ணீரில் அலை எழும். வேகம் கூடினால் அலை பெருத்து, கரைப்பக்கம் போய் முட்டி ஐஸை உடைக்கும். இதுகூடத் தெரியாமல்...

சில்லுச்சித்தர்: தெரியும் பெரியவரே. ஆனால் அங்கே 25. இங்கே 11ஆம் ஹைவேயில் 90 எழுதிய ரோடு, ஒற்றை லேன், எதிரே ஒரு ட்ரக் பனித்தூளைக் கிளப்பிக்கொண்டு வரும், ஐந்து செக்கன் ஒன்றும் தெரியாது. நடுவில் மூஸ், அந்தப் பெரிய மான், நிற்கும். எனக்கு ஏரிதான் நிம்மதி.

ஏரிப்பாதை: ஒரு தரம் வந்து ஓடிப்பாரும். ராவில் காலுக்குக் கீழே ஐஸ் வெடிக்கிற சத்தம் கேட்டால் தெரியும் நிம்மதி.

பனங்கிழங்கு: உங்கள் சண்டையை வேறெங்காவது வையுங்கள். வடலியான், என்னாச்சு?

சில்லுச்சித்தர்: ஆளைக் காணோம்.

வடலியான்: மூன்று உடனே விட்டது, நாலாவதுக்கு அரை மணித்தியாலம். கை விறைத்துப்போச்சு. வெளிக்கிட்டேன்.

நிப்பிகன் ராசா: டீசல் பில்டரையும் ஒருக்கால் பாரும்.