மடிப்பாக்கம் வீட்டில் அப்பா படம்
(குடும்ப வாட்ஸ்அப் குழு; பெயர்கள் மீனா கூப்பிடுகிற முறைப்படி)

மீனா, காலை 7:42
பால் காய்ச்சியாயிற்று, சாமானும் வந்து இறங்கிவிட்டது. ஒரே ஒரு கவலை. சுவரில் ஆணி அடிக்கக் கூடாது, துளை போடக் கூடாது என்று வாடகை ஒப்பந்தத்தில் தனியாக எழுதிக் கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள். அப்பா படத்தை எங்கே மாட்டுவது?

அம்மா, 7:50
அந்தப் படம் இல்லாத வீட்டில் எனக்கு இருப்புக் கொள்ளாது மீனா. வரும்போது கையோடு எடுத்து வருகிறேன். இடம் மட்டும் பார்த்து வை.

பெரியம்மா, 7:58
தெற்குச் சுவராகப் பார். சாமி படங்களோடு சேர்த்து வைக்காதே.

சுதா, 8:05
ஒட்டுகிற கொக்கி விற்கிறார்களே அக்கா, அது போதாதா?

கார்த்தி அண்ணா, 8:21
படம் எவ்வளவு எடை இருக்கும் சித்தி?

அம்மா, 8:40
பக்கத்து வீட்டு எடை மிஷினில் படத்தோடு ஒரு முறை, படம் இல்லாமல் ஒரு முறை ஏறி நின்று பார்த்தேன். 4 கிலோவுக்குக் கொஞ்சம் மேல். தேக்குச் சட்டம், கண்ணாடி வேறு.

கார்த்தி அண்ணா, 8:47
மீனா, சுவரை விரலால் அழுத்தித் தேய்த்துப் பார்த்துச் சொல்.

மீனா, 8:52
விரல் நுனியில் கோலமாவு மாதிரி வெள்ளையாக ஒட்டுகிறது.

கார்த்தி அண்ணா, 8:58
அப்படியானால் டிஸ்டெம்பர். அதில் எந்தப் பசையும் சுவரைப் பிடிக்காது, மேலே இருக்கிற பொடியைத்தான் பிடிக்கும். ஐப்பசி மழையில் ஈரம் ஏறினால் பொடியோடு கழன்று விழும். பாக்கெட்டில் போட்டிருக்கிற எடைக் கணக்கெல்லாம் வழவழப்பான பெயிண்டுக்கு. கண்ணாடி போட்ட அப்பா படத்தை அதை நம்பி மாட்டாதே. சின்ன போட்டோ என்றால் பீரோ கதவிலோ சமையலறை டைல்ஸிலோ ஒட்டிக்கொள்.

சித்தி, 9:10
வால்பேப்பர் ஆசையும் வேண்டாம் கண்ணு. முன்பு இருந்த வாடகை வீட்டில் ஹாலில் ஒரு சுவர் முழுக்க ஒட்டினேன். 2 வருஷம் பார்க்கப் பார்க்க ஆசையாக இருந்தது. காலி செய்கிற அன்றைக்கு ஓரத்தைப் பிடித்து இழுத்தால், பெயிண்டும் பட்டியும் சேர்ந்து தோசை மாதிரி உரிந்து வந்துவிட்டது. உள்ளே சிமெண்ட் தெரிந்தது. அட்வான்ஸில் 18,000 ரூபாய் பிடித்துக்கொண்டார்கள். அந்தச் சுவர் மட்டும் என்றால் சரி, வீடு முழுக்கப் பெயிண்ட் அடிக்கிற காசை என்னிடம் வாங்கினார்கள். இன்னும் எனக்கு மனசு ஆறவில்லை.

சுதா, 9:18
அதனால்தான் சொல்கிறேன் அக்கா, இப்போதே ஒவ்வொரு சுவரையும் போட்டோ எடுத்து ஓனருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். ஏற்கெனவே இருக்கிற ஆணி ஓட்டை, கறை, விரிசல் எல்லாம் தேதியோடு பதிவாகிவிடும். 2019 பிப்ரவரியிலிருந்து நடைமுறையில் இருக்கிற தமிழ்நாடு வாடகைச் சட்டப்படி, காலி செய்த ஒரு மாதத்துக்குள் பிடித்தம் போக அட்வான்ஸைத் திருப்பித் தர வேண்டும். வேறு மாதிரி எழுதிக்கொள்ளாவிட்டால் அட்வான்ஸே 3 மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது. ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள்.

மீனா, 9:25
இப்போதே எடுக்கிறேன். ஹாலிலேயே பழைய ஓட்டை 6 இருக்கிறது.

பெரியம்மா, 9:31
மாட்டினால்தான் படமா? பாட்டியின் ட்ரங்குப் பெட்டி உன்னிடம்தானே இருக்கிறது? தெற்குச் சுவரோரம் போட்டு, மேலே பவானி ஜமக்காளத்தை விரித்து, படத்தைச் சாய்த்து வை.

மீனா, 9:33
பெரியம்மா! எனக்குத் தோன்றவே இல்லை. கம்பளி போட்டுக் கட்டிலுக்கு அடியில் தள்ளி வைத்திருக்கிறேன்.

கார்த்தி அண்ணா, 9:44
நல்ல யோசனை. ஆனால் ஜமக்காளத்தின் மேல் சட்டம் வழுக்கும். நடுவில் ரப்பர் மேட் ஒரு துண்டு வெட்டிப் போடு. படத்தின் அடி சுவரிலிருந்து 4 விரல் தள்ளி இருக்கட்டும். மேல் மூலை இரண்டிலும் பின்பக்கம் துணி ஒட்டிவிடு, சுவர் கீறாது.

மீனா, 12:15
இன்னொன்று. ஹால் ஜன்னலில் ஸ்கிரீன் போடக் கம்பியே இல்லை. மதியம் வெயில் நேராக அந்தத் தெற்குச் சுவரில்தான் அடிக்கிறது.

சித்தி, 12:22
வெயில் பட்டால் படம் வெளுத்துவிடும், முதலில் அதைப் பார். ஸ்பிரிங் கம்பி கேட்டு வாங்கு. திருகினால் நீண்டு, ஜன்னலின் இரண்டு பக்கச் சுவருக்கும் நடுவில் இறுகி நிற்கும், ஓட்டை வேண்டாம். கனமான துணி தாங்காது. என் மதுரைச் சுங்குடிப் புடவை ஒன்று தருகிறேன். வெட்டாதே, இரண்டாக மடித்துக் கம்பி மேல் போட்டாலே போதும். காலி செய்கிற அன்றைக்குத் துவைத்துக் கட்டிக்கொள்ளலாம்.

பெரியம்மா, 12:30
வாசலுக்குக் கோலம்?

மீனா, 12:32
ஸ்டிக்கர் வாங்கலாமா என்று பார்த்தேன்.

பெரியம்மா, 12:36
வேண்டாம். பசை தங்கும், அதில் அழுக்கு ஏறும். தினமும் மாவில் 4 புள்ளி வை, அதுவே அழகு. விசேஷத்துக்கு இழைக்கோலம் போட்டாலும் காவி மட்டும் இடாதே. டைல்ஸ் இடுக்கில் இறங்கினால் லேசில் போகாது.

சித்தி, 12:41
முன்பு இருந்தவர்கள் ஒட்டிய ஸ்டிக்கர் பசை பீரோவிலோ டைல்ஸிலோ இருந்தால் தேங்காயெண்ணெய் தடவிக் கொஞ்ச நேரம் ஊறவிட்டுத் துடை. சுவரில் மட்டும் தடவிவிடாதே, எண்ணெய்க் கறை நிற்கும்.

மீனா, இரவு 8:50
(படம் அனுப்பியிருக்கிறார்)
பெட்டி போட்டாயிற்று. அப்பா படம் வரும்வரை அதே உயரத்தில் ஒரு அட்டையைச் சாய்த்துப் பார்த்தேன். டியூப்லைட் வெளிச்சம் கண்ணாடியில் அடிக்கும் என்பதால் பக்கத்தில் மேஜை விளக்கு வைத்திருக்கிறேன், மஞ்சள் பல்பு.

அம்மா, 9:02
அட்டையின் மேல் விளிம்பு உனக்கு எவ்வளவு உயரம் வருகிறது?

மீனா, 9:04
என் நெஞ்சளவு அம்மா. உனக்குத் தோள் வரும்.

அம்மா, 9:11
அப்படியானால் நானே பூ வைக்கலாம். இங்கே ஸ்ரீரங்கத்தில் தினமும் யாரையாவது கூப்பிட்டு ஸ்டூலில் ஏறச் சொல்ல வேண்டியிருக்கிறது. முழங்காலோடு என்னால் ஏற முடியவில்லை என்று உன்னிடம் சொல்லவில்லை.

மீனா, 9:12
அம்மா.

அம்மா, 9:15
வியாழன் ராத்திரி ராக்ஃபோர்ட் ரயிலில் ஏறுகிறேன். படத்தை இரண்டு போர்வையில் சுற்றி மடியில் வைத்துக்கொள்வேன்.

கார்த்தி அண்ணா, 9:17
தாம்பரத்தில் நான் நிற்கிறேன் சித்தி. படத்தை நான் வாங்கிக்கொள்கிறேன், நீங்கள் மெதுவாக இறங்குங்கள்.