முன்குறி உயர்ந்தால் குண்டு மேலே போகுமா, கீழே போகுமா?

கெடிலக்கரை:
முத்தியால்பேட்டை என்ற பெயரில் எழுதும் புதுச்சேரி நண்பர் நேற்று இங்கே எழுதியதைப் படித்ததிலிருந்து எனக்கு மனம் ஆறவில்லை. பாரிசுக்கு அருகில் இருக்கும் தம் வீட்டில், ருகர் எஸ்.பி.101 என்ற குறுங்குழல் ரிவால்வரின் பழைய முன்குறியை (குறிபார்க்கக் குழல்வாயின் மேல் நிற்கும் சிறு முனையை)க் கழற்றிவிட்டு, இருட்டில் ஒளிரும் டிரிடியம் முன்குறியைச் சமையலறை மேசையிலேயே அரை மணி நேரத்தில் பொருத்திவிட்டதாக எழுதியிருக்கிறார். அதுவரை எனக்கு ஆட்சேபம் இல்லை. புதிய குறி பழையதைவிட 1 மி.மீ. உயரம் என்பதால் "குண்டு சற்று மேலே போகும், அது நன்மைதான்" என்று முடித்திருக்கிறாரே, அதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியாது. மத்தியப் படை ஒன்றில் 26 ஆண்டுகள் ஆர்மரராக, அதாவது துப்பாக்கிகளைப் பழுதுபார்ப்பவனாக, இருந்தவன் சொல்கிறேன், குண்டு கீழேதான் போகும்.

துப்பாக்கியின் பின்பக்கம் இருக்கும் பின்குறியின் பள்ளத்தில் முன்குறியின் உச்சியைச் சமமாகக் கொண்டுவந்துதான் நாம் சுடுகிறோம். உச்சி உயர்ந்துவிட்டால், அதைப் பழைய மட்டத்துக்குக் கொண்டுவரக் குழலின் வாயைத் தாழ்த்த வேண்டும். இரண்டு குறிகளுக்கும் இடையே 100 மி.மீ. இருந்தால், 1 மி.மீ. உயரம் கூடும்போது 7 மீட்டரில் குண்டு 70 மி.மீ. கீழே படும். நான்கு விரல் அகலம் அது.

முத்தியால்பேட்டை:
வணக்கம் ஐயா. முன்குறி இருப்பது குழலின் வாயில். வாய்ப்பக்கம் உயர்ந்தால் குண்டும் உயர்கிறது. இதைப் புரிந்துகொள்ள ஆர்மரர் பட்டம் வேண்டியதில்லை. என் தந்தை பிரெஞ்சுப் படையில் சொல்தாவாக (சிப்பாயாக) இருந்தவர்; துப்பாக்கியைப் பற்றி நான் பிறந்த வீட்டிலேயே கேட்டு வளர்ந்தேன். பிரான்சில் பி வகை ஆயுதத்துக்கு முறையான அனுமதி பெற்று, சுடும் சங்கத்தில் மாதந்தோறும் சுடுகிறேன். புதிய குறியைப் பொருத்திய பின் 7 மீட்டரில் ஐந்து குண்டுகள் சுட்டேன். ஐந்தும் நடுப்புள்ளிக்கு மேலேதான் பட்டன. தாளில் கண்ட ஓட்டையை நம்புவதா, உங்கள் கணக்கை நம்புவதா?

முந்திரித்தோப்பு:
பெரியவர்கள் இருவருக்கும் வணக்கம். பண்ருட்டிப் பக்கம் தோப்புக்கு நடுவே வீடு. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் அடித்து, முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்து கிடந்தபோது, மின்சாரம் வரும்வரை நாங்கள் இருந்த இருட்டை இன்றைக்கும் மறக்க முடியவில்லை. என்னிடம் உரிமத்தோடு கான்பூரில் செய்த .32 ரிவால்வர் ஒன்று இருக்கிறது. அதில் இந்த ஒளிரும் குறியைப் பொருத்த முடியுமா, ஒளி எத்தனை ஆண்டு நிற்கும் என்று கேட்கத்தான் வந்தேன்.

கெடிலக்கரை:
தம்பி, உங்கள் கேள்விதான் பயனுள்ள கேள்வி. 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 5-ஆம் பிரிவைப் படியுங்கள். துப்பாக்கியைப் பழுதுபார்ப்பதும் மாற்றுவதும் அதற்கென உரிமம் பெற்றவர் செய்ய வேண்டிய வேலை. வைத்திருப்பதற்கு நீங்கள் பெற்ற உரிமம் அதற்குச் செல்லாது. டிரிடியம் கதிரியக்கப் பொருள் என்பதால் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் விதிகளும் குறுக்கே வரும். மச்சான் வெளிநாட்டிலிருந்து பையில் போட்டுக்கொண்டு வந்தார் என்ற கதை இங்கே எடுபடாது.

ஒளியைக் கேட்டீர்கள். டிரிடியத்தின் அரை ஆயுள் ஏறக்குறைய 12.3 ஆண்டு. சிறிய கண்ணாடிக் குப்பிக்குள் அந்த வாயுவை அடைத்து, உட்சுவரில் ஒளிரும் பூச்சு பூசியிருப்பார்கள். வெளிச்சம் காட்டி ஏற்ற வேண்டியதில்லை, மின்கலமும் இல்லை. பன்னிரண்டு ஆண்டில் வாயு பாதியாகும், இருபத்து நான்கரை ஆண்டில் கால்பங்காகும். பூச்சும் தேய்வதால் ஒளி அதைவிட விரைவாகவே மங்கும்.

அடுத்து, உங்கள் ரிவால்வரின் முன்குறி ஆணியில் நிற்கிறதா, குழலோடு ஒரே உலோகமா என்று பாருங்கள். பழைய ஸ்மித் அண்டு வெசன் குறுங்குழல் ரிவால்வர்கள் பலவற்றில் அது குழலோடு சேர்ந்தே இருக்கும். அரத்தால் அறுத்துத் தள்ளாமல் புதியது ஏறாது. ருகரில் ஆணி உண்டு, ஆகவே நண்பருக்கு வேலை எளிதாக இருந்தது. அந்த ஆணியையும் சுத்தியால் நேரே அடிக்கக் கூடாது. குண்டு அறைகள் காலி என்று இரண்டு முறை பார்த்து, குழலைத் தோல் சுற்றி வைஸ் என்ற மேசை இடுக்கியில் மெதுவாக இறுக்கி, ஆணியைவிடச் சற்று மெல்லிய பஞ்ச் என்ற உலோகக் குச்சி வைத்துத் தட்டி வெளியே எடுக்க வேண்டும். புதிய குறியில் துளை இல்லாமல் வந்தால், பழைய துளை வழியாகவே துளைக்கருவியைச் செலுத்தித் துளையிட வேண்டும். ஒரு மயிரிழை சாய்ந்தால் குறி ஒரு பக்கமாக நிற்கும். அடி குறியின் மேல் விழுந்தால் உள்ளே கண்ணாடி உடையும். அரை மணி நேரத்தில் இத்தனையும் எப்படி நடந்ததோ, அவருக்குத்தான் தெரியும்.

உயரம் கூடினால் கீழே போகும் என்பதை மறுபடியும் சொல்லி வைக்கிறேன்.

வைத்திக்குப்பம்:
நான் இயற்பியல் ஆசிரியன். துப்பாக்கி பிடித்தவன் அல்லன். ஒரு சந்தேகம். "உயரம்" என்று இருவரும் எதை அளக்கிறீர்கள், குழலின் மேற்பரப்பிலிருந்தா, குழல்துளையின் நடுக்கோட்டிலிருந்தா? "மேலே" என்பது குழல்வாயைச் சொல்கிறதா, குண்டு படும் இடத்தைச் சொல்கிறதா? இதை முதலில் தீர்த்துக்கொண்டால் பாதிச் சண்டை குறையும்.

முத்தியால்பேட்டை:
தம்பி, வகுப்பறை இலக்கணம் இங்கே வேண்டாம். ஆர்மரர் ஐயாவிடம் ஒரே கேள்வி. எல்லா ரிவால்வரிலும் முன்குறியை ஏன் பின்குறியைவிட அவ்வளவு உயரமாக வைக்கிறார்கள்? சுடும்போது வாய் மேலே எழும்புகிறது என்பதால்தானே? அப்படியென்றால் உயரமும் மேலே போவதும் ஒன்றோடொன்று சேர்ந்தவைதாமே! சென்ற ஆண்டு இதே ஐயாதான், கடற்காற்றில் துருப்பிடிக்காமல் இருக்கத் தேங்காய் எண்ணெய் போதும் என்று எழுதியவர். அதை நம்பிய ஒருவரின் சுழல் அறை பிசுபிசுத்து நின்றுபோனது இங்கே எல்லாருக்கும் நினைவிருக்கும்.

கெடிலக்கரை:
தேங்காய் எண்ணெய் பற்றி நான் எழுதியது மரப்பிடிக்கு. அதைச் சுழல் அறையில் ஊற்றச் சொன்னதாகத் திரித்தவர் நீங்கள். அன்றைக்கே மறுத்தேன், இன்றைக்கும் மறுக்கிறேன்.

வாய் எழும்புவதைச் சொன்னீர்களே, என் பக்கத்துக்கு நீங்களே சாட்சி சொல்லிவிட்டீர்கள். குண்டு குழலை விட்டு வெளியேறும் முன்பே வாய் எழும்பத் தொடங்கிவிடுகிறது. அதை ஈடுகட்டக் குழல் முதலில் சற்றுத் தாழ்ந்து நிற்க வேண்டும். அப்படித் தாழ்த்தி வைப்பதற்குத்தான் முன்குறியை உயர்த்துகிறார்கள். உயரமான முன்குறி குண்டைக் கீழே இறக்குகிறது என்பதால்தான் அந்த ஏற்பாடே வேலை செய்கிறது. படையில் வைத்திருந்த எஸ்.எல்.ஆர். என்ற நீள்துப்பாக்கியில் குண்டுகள் மேலே விழுந்தால் முன்குறியைத் திருகி உயர்த்துவோம். புதிதாகச் சேர்ந்த சிப்பாய்க்கும் இது மனப்பாடம்.

இன்று காலை என் பேரனை வைத்துச் செய்து பார்த்தேன். முப்பது சென்டிமீட்டர் மர அளவுகோலின் இரு முனையிலும் அரை விரல் உயரத்துக்குத் தீக்குச்சித் துண்டுகளை மெழுகால் ஒட்டினேன். எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டியின் விளிம்பை இரண்டு குச்சிகளின் உச்சிக்கும் நேராகப் பிடிக்கச் சொன்னேன். பிறகு முன்குச்சியை மாற்றி முழுக் குச்சியாக ஒட்டி, அதே விளிம்பைப் பார்க்கச் சொன்னேன். அளவுகோலின் முன்முனை கண்ணெதிரே கீழே இறங்கியது. எட்டு வயதுப் பிள்ளை "தாத்தா, கீழே போகுது" என்றான்.

முத்தியால்பேட்டை:
அளவுகோலில் வெடிமருந்து இல்லை ஐயா. குச்சியும் மெழுகும் வைத்துப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துவது கடலூர் வழக்கமாக இருக்கலாம். 1758-இல் பிரெஞ்சுத் தளபதி லாலி வந்து கடலூரில் ஆங்கிலேயரின் தேவனாம்பட்டினம் கோட்டையைப் பிடித்தபோதும் உள்ளே இருந்தவர்கள் அளவுகோல்தான் பிடித்திருப்பார்கள் போலும்.

கெடிலக்கரை:
1761-இல் அதே லாலி புதுச்சேரியை ஒப்படைத்ததையும் சேர்த்தே எழுதியிருக்கலாம். கோட்டைக் கதையை விடுங்கள். முன்குறி உயர்ந்தால் குண்டு கீழே.

முந்திரித்தோப்பு:
அண்ணா, உரிமம் பெற்ற கடைக்காரரிடம் நேரில் போய்க் கேட்டுவிட்டு வந்தேன். அவர் ரிவால்வரை வாங்கி, குழலைக் கீழ்நோக்கி மடக்கித் திறந்து பார்த்தார். வெப்ளி என்ற பழைய ஆங்கிலேய ரிவால்வர் மாதிரியை ஒட்டியது, பின்குறி என்பது மேலே இருக்கும் பூட்டில் வெட்டிய சிறு பள்ளம், அதை ஏற்றவோ இறக்கவோ முடியாது என்று காட்டினார். முன்குறியை மாற்றிவிட்டு எங்கே படுகிறது என்று பார்க்க நிறையக் குண்டு செலவாகும். உரிமத்தில் எழுதிய எண்ணிக்கைக்கு மேல் எனக்குக் கிடைக்காது. அவர் கேட்ட இன்னொன்று நெஞ்சில் தைத்தது. "குறி ஒளிரும், எதிரே நிற்பது திருடனா, உன் மகனா என்று அது காட்டுமா?" என்றார். என் மகன் நெய்வேலியில் இரவுப்பணி முடித்து விடியற்காலை இரண்டு மணிக்குத் தோப்பு வழியாகத்தான் வருகிறான். நல்ல டார்ச் ஒன்று வாங்கலாம் என்று நினைக்கிறேன். நீங்கள் இருவரும் என் கேள்வியை விட்டு எங்கேயோ போய்விட்டீர்கள்.

கெடிலக்கரை:
டார்ச் வாங்குங்கள், தம்பி. அதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. ஆனால் ஐந்து குண்டும் மேலே பட்டது என்ற கதை அப்படியே நிற்க நான் விடமாட்டேன். நண்பரே, நீங்கள் சுட்ட இடம் மங்கலான வெளிச்சமா? ஆம் என்றால் நடந்ததை நான் இங்கிருந்தே சொல்கிறேன். முன்னால் பச்சைப் புள்ளி பளிச்சென்று தெரிந்திருக்கும். பின்னால் கறுப்புப் பள்ளம் கண்ணுக்கே தெரிந்திருக்காது. புள்ளியைப் பள்ளத்துக்குள் இறக்காமல், அதற்கு மேலே மிதக்கவிட்டுச் சுட்டிருக்கிறீர்கள். குண்டை மேலே அனுப்பியது குறியின் உயரம் அன்று, உங்கள் கண். வைஸில் கட்டிவைத்தாற்போல் மணல்மூட்டையில் தாங்கி, பகல் வெளிச்சத்தில், பழைய குறியோடு ஐந்தும் புதிய குறியோடு ஐந்தும், ஒரே பெட்டிக் குண்டால் சுட்டு இரண்டு தாளையும் படமெடுத்துப் போடுங்கள்.

முத்தியால்பேட்டை:
உயரமான குறியோடு சுட்டால் குண்டு மேலே போகிறது என்று கடைசியில் நீங்களே எழுதிவிட்டீர்கள். காரணம் எதுவாக இருந்தால் எனக்கென்ன? பழைய குறியை மறுபடியும் பொருத்தி உங்களுக்காக ஆணியைத் தட்டிக்கொண்டிருக்க எனக்கு நேரமில்லை. அடுத்த மாதம் போகும்போது புதிய குறியோடு ஐந்து சுட்டுப் படம் போடுகிறேன்.

கெடிலக்கரை:
ஒரே தாளை வைத்துக்கொண்டு எதோடு ஒப்பிடுவது? இரண்டு தாள் வேண்டும்.

முத்தியால்பேட்டை:
ஒரு தாள் போதும். மேலேதான் படும்.