அயோமி சுருதியை இறக்கியது முதல் ஆல்பத்திலா, மூன்றாவதிலா?

இருபதாம் வளைவு:
பிளாக் சப்பாத் பேண்டின் பாடகர் ஆஸி ஆஸ்போர்ன் நினைவாக இங்கே ஓடிக்கொண்டிருந்த இழையில் 'சிவதாபுரம் பட்டறை' ஒரு வரி எழுதிவிட்டுப் போனார். "கிடார்காரர் டோனி அயோமிக்கு விரல் நுனி போனதால்தான் பிளாக் சப்பாத் முதல் ஆல்பத்திலேயே கிடார் சுருதியை இறக்கியது, ஹெவி மெட்டல் பிறந்ததே அந்த இறக்கத்தில்தான்" என்று. ஏகப்பட்ட பேர் கைதட்டியிருக்கிறார்கள். ஒருவர்கூடக் கேள்வி கேட்கவில்லை. சேலத்தில் இந்த இசையை இத்தனை வருடம் கேட்டவர்கள் என்று சொல்லிக்கொள்கிறோம், இதைக்கூடச் சரிபார்க்க மாட்டோமா?

1970 பிப்ரவரி 13, வெள்ளிக்கிழமை வந்த முதல் ஆல்பம் சாதாரண ஈ சுருதி, அதாவது தடித்த கம்பி ஈ சுரத்தில் நிற்பது. அதே வருடம் செப்டம்பரில் வந்த இரண்டாவது ஆல்பம் பாரனாய்டும் ஈ. 1971-இல் வந்த மாஸ்டர் ஆஃப் ரியாலிட்டியில்தான் அயோமி மூன்று அரைச்சுரம் இறக்கி சி ஷார்ப்புக்குப் போனார். சில்ட்ரன் ஆஃப் தி கிரேவ், லார்ட் ஆஃப் திஸ் வேர்ல்டு, இன்டு தி வாய்டு ஆகிய பாட்டுகளில். கீஸர் பட்லரும் பேஸை அதற்கேற்ப இறக்கினார். கிடாரை மடியில் வைத்து ஆல்பத்தோடு சேர்ந்து வாசித்தால் ஐந்து நிமிடத்தில் புரிந்துவிடும். மூன்றாவது ஆல்பம். முதல் ஆல்பம் இல்லை.

சிவதாபுரம் பட்டறை:
வணக்கம் வளைவு சார். என் ஒரு வரிக்குத் தனி இழையே திறந்துவிட்டீர்கள், சந்தோஷம்.

முதல் ஆல்பம், முதல் பாட்டு. மழை, சர்ச் மணி, இடி. அப்புறம் கிடாரில் மூன்றே சுரம். அந்த மூன்றாவது சுரம் என்ன? சி ஷார்ப். நீங்களே சி ஷார்ப் என்றுதான் எழுதியிருக்கிறீர்கள். பிறகு என்ன தகராறு?

விரலைப் பற்றிப் பேச எனக்கு உரிமை இருக்கிறது. கொலுசுப் பட்டறையில் பிரஸ் அடிக்கிறவன் நான். அயோமி வெல்டர். தகட்டை வளைத்துக் கொடுக்கிற ஆள் அன்று வரவில்லை என்று பழக்கமில்லாத மெஷினில் நிற்க வைத்தார்கள். 17 வயது, அதுவும் வேலையை விட்டு நிற்கிற கடைசி நாள். மெஷின் இறங்கியதும் கையை வெடுக்கென்று இழுத்தார், வலது கை நடுவிரல், மோதிர விரல் இரண்டின் நுனியும் போயிற்று. பிரஸ்ஸில் கை மாட்டினால் எவனுக்கும் இழுக்கத்தான் தோன்றும். அவர் இடது கைக்காரர், கம்பியை அழுத்துவதே அந்த வலது கைதான்.

என் ஆள்காட்டி விரல் நுனியில் தையல் போட்ட இடம் இன்னும் மரத்துத்தான் கிடக்கிறது. அதை வைத்துக் கம்பியை அழுத்தினால் கம்பி அடியில் இருக்கிறதா, நழுவிவிட்டதா என்றே தெரியாது. கண்ணால் பார்த்துத்தான் வைக்க வேண்டும். தெரியாததால் தேவைக்கு மேல் அழுத்துவோம், அழுத்த அழுத்தச் சுரம் மேலே ஏறிவிடும். இப்படிப்பட்ட விரலோடு, கம்பியைத் தளர்த்தாமல் இரண்டு ஆல்பம் வாசித்தார் என்று ஏற்காட்டு மலை மேல் உட்கார்ந்துகொண்டு சொல்வது சுலபம் சார்.

இருபதாம் வளைவு:
ஒரு பாட்டில் சி ஷார்ப் சுரம் வருவது வேறு, கிடாரையே சி ஷார்ப்புக்கு இறக்குவது வேறு. ஜி, மேல் ஜி, சி ஷார்ப். இந்த மூன்றும் சாதாரண சுருதியிலேயே கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றன. பாரனாய்டில் உள்ள அயர்ன் மேன் பாட்டின் தொடக்கத்தில் கேட்கிற அந்த முனகல், வெறும் ஈ கம்பி. இறக்கியிருந்தால் அங்கே ஈ எப்படி வரும்?

விரலுக்காக அவர் முதலில் செய்தது சுருதி இறக்கம் இல்லை. பாத்திரம் கழுவும் திரவம் வந்த பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி, விரல் நுனிக்குத் தொப்பி செய்தார். கம்பி வழுக்காமல் இருக்க அதன் மேல் தோல் ஒட்டினார். மெல்லிய கிடார் கம்பி அன்று கடையில் கிடைக்காததால் பாஞ்சோ கம்பியை மாட்டினார். இப்படித்தான் முதல் ஆல்பத்தை ஒரே நாளில் பதிந்து முடித்தார்கள். சுருதி இறக்கம் இதற்கெல்லாம் பின்னால் வந்தது. மூன்றாவது ஆல்பத்தில்.

இரும்பாலை குவார்ட்டர்ஸ்:
இருவரும் கொஞ்சம் நிறுத்துங்கள். ஹெவி மெட்டல் பிறந்தது எங்கே என்று பேசுவதற்கு முன் ஹெவி மெட்டல் என்று எதைச் சொல்கிறோம்? சுருதியா, ரிஃப்பா (திரும்பத் திரும்ப வரும் கிடார் வரி), பாட்டின் பொருளா? லெட் செப்லினும் டீப் பர்ப்பிளும் இதில் சேர்த்தியா, இல்லையா? அதை முதலில் முடிவு செய்தால் பாதிச் சண்டை தீர்ந்துவிடும்.

சிவதாபுரம் பட்டறை:
அதெல்லாம் இருக்கட்டும் அண்ணே. முதல் பாட்டில் சி ஷார்ப் இருக்கிறதா, இல்லையா? அதைச் சொல்லுங்கள்.

செவ்வாய்ப்பேட்டை மிருதங்கம்:
இருக்கிறது. ஜி-யை ஸட்ஜமாக வைத்தால் அந்த சி ஷார்ப் பிரதி மத்யமம். கல்யாணியிலும் பந்துவராளியிலும் நம் காதுக்கு நன்றாகப் பழகிய சுரம். அங்கே அதற்குப் பிசாசின் பெயரை வைத்தார்கள், இங்கே கச்சேரியில் வைத்து உருகுகிறோம். இந்தப் பையன்கள் வேறு எந்தச் சுரமும் துணைக்கு இல்லாமல் அதை மட்டும் தனியாக நிறுத்திவிட்டார்கள், அதுதான் பயம் தருகிறது.

சிவதாபுரம் பட்டறை:
பார்த்தீர்களா? மிருதங்கம் ஐயாவே சி ஷார்ப் என்கிறார்.

இருபதாம் வளைவு:
அவர் சுரத்தைச் சொல்கிறார்! சுருதியைச் சொல்லவில்லை! ஐயா, தயவுசெய்து நீங்களே விளக்குங்கள்.

செவ்வாய்ப்பேட்டை மிருதங்கம்:
விளக்கலாம். ஆனால் இரண்டு நாள் முன்பு வேறோர் இழையில் "தாளம் தட்டுகிறவர்களுக்குச் சுரம் எதற்கு" என்று எழுதியவர் நீங்கள். அதற்கு ஒரு பதில் வரட்டும், பிறகு விளக்குகிறேன்.

அழகாபுரம் டியோ:
சுருதி, சுரம் எல்லாம் ஒரு பக்கம். 1979-இல் ஆஸியை வெளியே அனுப்பிய பிறகுதான் இந்த பேண்டுக்கு ஒரு பாடகர் கிடைத்தார். 1980-இல் ஹெவன் அண்ட் ஹெல். ஆஸி பாதி நேரம் ரிஃப் போகிற வழியிலேயே பாடுவார், அயர்ன் மேனைக் கேளுங்கள், கிடாரும் குரலும் ஒரே கோடு. ரோனி ஜேம்ஸ் டியோ வந்ததும் ரிஃப் ஒரு பக்கம் போக, குரல் அதைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போயிற்று. அயோமி எழுதுகிற விதமே மாறியது. 2010 மே மாதம் டியோ இறந்தபோது இந்த ஊரில் எத்தனை பேர் இழை திறந்தீர்கள்? ஆஸிக்கு மட்டும் ஒப்பாரி.

சிவதாபுரம் பட்டறை:
தம்பி, ஆஸி போன வாரங்களில் இந்தப் பேச்சு வேண்டாம். 2025 ஜூலை 5, பர்மிங்காம் வில்லா பார்க். நிற்க முடியாமல் சிம்மாசனத்தில் உட்கார்ந்தபடியே பாடினார். டிரம்ஸ் வாசிக்கும் பில் வார்டும் திரும்பி வந்தார், பழைய நான்கு பேரும் ஒரே மேடை. இங்கே நள்ளிரவு தாண்டிவிட்டது, வீட்டில் எல்லோரும் தூங்க, நான் காதில் இயர்போனோடு அழுதுகொண்டிருந்தேன். ஜூலை 22-இல் போய்விட்டார். ரிஃப்போடு சேர்ந்து பாடினார் என்பது குறையா? ஆஸ்டன் பக்கத்துப் பையன், கூடப் படித்தவன் கிடாரோடு கூடவே போனான். அதுதான் சப்பாத்.

அழகாபுரம் டியோ:
பில் வார்டைப் பற்றிப் பேசுகிறீர்களே, 2013-இல் 13 ஆல்பத்துக்கு அவர் ஏன் இல்லை? ஒப்பந்தம் சரியில்லை என்று அவர் சொன்னபோது உங்கள் நான்கு பேர் நட்பு எங்கே போயிற்று? பிராட் வில்க்கைக் கூட்டி வந்து வாசிக்க வைத்தார்கள்.

இருபதாம் வளைவு:
வார்டு விஷயத்துக்குத் தனி இழை திறந்துகொள்ளுங்கள். இங்கே கேள்வி ஒன்றுதான். எந்த ஆல்பம்? மூன்றாவது.

சிவதாபுரம் பட்டறை:
சரி, சுரம் வேண்டாம், காதுக்கு வருவோம். பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் பாட்டுப் பதிந்து கொடுக்கிற கடையில் வாங்கிய கேசட் என்னிடம் இன்னும் இருக்கிறது. முதல் ஆல்பம். கிடார் வைத்திருந்த சிநேகிதனை என் வீட்டுக்கு வரவழைத்து அதைப் போட்டுப் பார்த்தோம், அவன் ஈ கம்பிக்கும் கேசட்டுக்கும் ஒட்டவே இல்லை. கேசட் கீழே இருந்தது. கம்பியைத் தளர்த்தித் தளர்த்தித்தான் சேர்த்தோம். இதை நான் எங்கும் படிக்கவில்லை, கையால் செய்தது.

இருபதாம் வளைவு:
இப்போதுதான் உண்மை வெளியே வருகிறது. உங்கள் கேசட் மெதுவாக ஓடியிருக்கிறது. டேப்ரிக்கார்டரில் ரப்பர் பெல்ட் தளர்ந்தால் வேகம் குறையும், வேகம் குறைந்தால் சுருதி இறங்கும். நூற்றுக்கு ஆறு பங்கு வேகம் குறைந்தாலே அரைச்சுரம் போய்விடும். அந்தக் காலத்தில் சாயங்காலம் சேலத்து வோல்டேஜ் எப்படி இருந்தது என்று எல்லோருக்கும் தெரியும். நீங்கள் கேட்டது அயோமி இறக்கிய சுருதி இல்லை, பெல்ட் இறக்கிய சுருதி.

கணக்குப் போட்டும் பார்க்கலாம். உண்மையிலேயே சி ஷார்ப் வரைக்கும் மூன்று அரைச்சுரம் இறங்க வேண்டுமென்றால் நூற்றுக்குப் பதினாறு பங்கு மெதுவாக ஓட வேண்டும். ஆறு நிமிடத்துக்குக் கொஞ்சம் மேல் ஓடுகிற முதல் பாட்டு ஏழரை நிமிடம் ஓடும். உங்கள் கேசட் அவ்வளவு மெதுவாக ஓடியிருக்காது, அரைச்சுரமோ ஒரு சுரமோதான் இறங்கியிருக்கும். ஆக, உங்கள் கேசட்டை நம்பினாலும் சி ஷார்ப் வராது. எப்படிப் பார்த்தாலும் மூன்றாவது ஆல்பம்.

நாங்கள் ஏற்காட்டில் ஹாஸ்டலில் ஒரிஜினல் ரெக்கார்டில் கேட்டோம். சனிக்கிழமை சாயங்காலம் பனி இறங்கிய பிறகு, ஊசி வைத்ததும் அந்த மழைச் சத்தம் ரெக்கார்டில் இருந்து வருகிறதா, ஜன்னலுக்கு வெளியிலா என்று பிரிக்க முடியாது. ரெக்கார்டோடு கிடாரை வைத்துச் சேர்த்தவன் நான். ஈ சுருதி. துளியும் மாற்றமில்லை.

சிவதாபுரம் பட்டறை:
இதற்காகத்தானே காத்திருந்தேன். ஒரிஜினல் ரெக்கார்டு. வெளிநாட்டில் அப்பா, லீவு முடிந்து வரும்போது பெட்டி நிறைய ரெக்கார்டு. எங்களுக்கு ஏது? உங்கள் ஹாஸ்டல் பையன்கள் ஊருக்குப் போகும் அவசரத்தில் கீழே இறங்கும்போது, கெஞ்சி ஒரு நாள் கடன் வாங்கி, கடைக்காரரிடம் கொடுத்துப் பதிந்துகொண்டதுதான் சேலத்தில் சுற்றிய பாதி கேசட். அதற்கும் சிலர் முகம் கொடுத்துப் பேசியதில்லை.

அந்தக் கடைக்காரரின் மெஷினைக் குறை சொன்னீர்களே, அதுதான் பொறுக்கவில்லை. வேலை ஆரம்பிப்பதற்கு முன் ஸ்பிரிட்டில் பஞ்சை நனைத்து ஹெட்டைத் துடைத்துவிட்டுத்தான் கேசட்டைப் போடுவார். பாட்டுப் பெயரைக் கோணல் இல்லாமல் கையால் எழுதித் தருவார். அந்த மனிதர் பெல்ட் தளர்ந்த மெஷினில் பதிந்தார் என்று சொல்ல மலைக்காரர்களுக்கு எந்த உரிமையும் கிடையாது.

இருபதாம் வளைவு:
பதிந்த மெஷினை நான் சொல்லவே இல்லை. போட்டுக் கேட்ட மெஷினைச் சொன்னேன். அது உங்கள் வீட்டு மெஷின்.

சிவதாபுரம் பட்டறை:
என் அண்ணன் வாங்கித் தந்த மெஷின். வார்த்தையை அளந்து பேசுங்கள்.

ஓமலூர் எடி:
எல்லோரும் கேசட்டிலும் ரெக்கார்டிலும் கேட்டதைப் பேசுகிறீர்கள். நான் நேரில் பார்த்தவன். 2007 மார்ச் 17, பெங்களூர் பேலஸ் கிரவுண்ட்ஸ், அயர்ன் மெய்டன். தர்மபுரி, கிருஷ்ணகிரி, ஓசூர் என்று பஸ்ஸில் நின்றுகொண்டே போனோம். ஸ்டீவ் ஹாரிஸ் காலை மானிட்டர் மேல் வைத்து பேஸைக் கூட்டத்துக்கு நேராக நீட்டியபோது பட்ட சிலிர்ப்பு இன்னும் போகவில்லை. எந்த பேண்டு நம் பக்கம் வந்ததோ அதுதான் பேண்டு.

அழகாபுரம் டியோ:
இங்கே யாராவது மெய்டன் கேட்டார்களா?

இருபதாம் வளைவு:
யாரும் கேட்கவில்லை. மெய்டன் 1975-இல் தொடங்கியது. அதற்குள் சப்பாத் ஆறு ஆல்பம் முடித்துவிட்டது. அதில் மூன்றாவதில்தான் சுருதி இறங்கியது.

இரும்பாலை குவார்ட்டர்ஸ்:
நான் கேட்ட கேள்விக்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை. ஹெவி மெட்டல் என்றால் என்ன?

செவ்வாய்ப்பேட்டை மிருதங்கம்:
எனக்கும் பதில் வரவில்லை. தாளம் தட்டுகிறவர் என்று எழுதியதற்கு.

சிவதாபுரம் பட்டறை:
வளைவு சார், ஒன்று மட்டும் சொல்கிறேன். விரல் போனதும் வாசிப்பை விட்டுவிட இருந்த பையனிடம் ஃபோர்மேன் ஒரு ரெக்கார்டைப் போட்டுக் காட்டினார். ஜாங்கோ ரைன்ஹார்ட். தீ விபத்தில் இடது கையில் இரண்டு விரல் முடங்கியும் வாசித்தவர். அதைக் கேட்டுத்தான் அயோமி திரும்ப எழுந்தார். உங்கள் கணக்கில் இந்த விரலுக்கு இடமே இல்லை. நூற்றுக்கு ஆறு, நூற்றுக்குப் பதினாறு. நீங்கள் எப்போதாவது மரத்துப்போன விரலால் ஒரு கம்பியை அழுத்தியிருக்கிறீர்களா?

இருபதாம் வளைவு:
அந்த விரல் மீது எனக்கு உங்களைவிடக் குறைந்த மரியாதை இல்லை. இரண்டு ஆல்பத்தை அவர் தளர்த்தாத கம்பியில் வாசித்தார் என்பதுதான் அவருடைய பெருமை. வலியோடு வாசித்ததை, வலி தெரியாமல் இறக்கி வாசித்தார் என்று நீங்கள் மாற்றுகிறீர்கள். அதனால்தான் இந்த இழையே. மூன்றாவது ஆல்பத்தில்தான் கையையும் கம்பியையும் தன் வழிக்குக் கொண்டுவந்தார், சத்தமும் அதனால் பெருத்தது. இதை ஒப்புக்கொள்ள உங்களுக்கு என்ன தயக்கம்?

சிவதாபுரம் பட்டறை:
ஞாயிற்றுக்கிழமை பட்டறை லீவு. மலையை விட்டு இறங்கி வர மனசு இருந்தால் கிடாரைத் தூக்கிக்கொண்டு வாருங்கள். என் கேசட்டைப் போடுவோம். நான்கு பேர் முன்னால் ஈ கம்பியைத் தட்டுங்கள், ஒட்டுகிறதா என்று பார்ப்போம்.

இருபதாம் வளைவு:
வருகிறேன். ஆனால் கேசட் கூடாது. ரெக்கார்டு நான் கொண்டுவருகிறேன், அதைத்தான் போட வேண்டும்.

சிவதாபுரம் பட்டறை:
கேசட்தான்.

அழகாபுரம் டியோ:
ஹெவன் அண்ட் ஹெல் போடுவதாக இருந்தால் நானும் வருகிறேன்.

இருபதாம் வளைவு:
கேசட் என்றால் நான் வரவில்லை.