ட்றிப் சுவிச் விழுகுது, ஆனால் எர்த் வேலை செய்யுதோ?

வட்டக்கச்சி_வளவு:
வீட்டுத்திட்ட வீடு. பிறிட்ஜை வெறுங்காலோட தொட்டால் சுர்ரெண்டு இழுக்குது, ரெஸ்ரர் வைச்சால் மங்கலா எரியுது. வயர்மன் மல்ரிமீற்றரால லைவுக்கும் எர்த்துக்கும் இடையில பார்த்தார், 228 வோல்ற். ட்றிப் சுவிச்சில (கரண்ட் கசிஞ்சால் தானா விழுற சுவிச்) இருக்கிற ரெஸ்ற் பட்டனை அமத்தினார், விழுந்தது. "எர்த் திறம்" எண்டிட்டார். 4 அடி எர்த் ரொட், ஆனால் இரண்டரை அடியில கல்லுத் தட்டி மிச்சத்தை அறுத்துப்போட்டினம். சரியா ரெஸ்ற் பண்ணுறது எப்பிடி? லைவுக்கும் எர்த்துக்கும் பல்ப் குடுத்துப் பார்க்கவும் சிலர் சொல்லுகினம்.

மூன்றுமுனை:
தம்பி, அவர் செய்த இரண்டும் எர்த் ரெஸ்ற் இல்லை. ரெஸ்ற் பட்டன் லைவில இருந்து நியூற்றலுக்கு ஒரு சின்ன ரெசிஸ்ரர் வழியா கரண்டை விட்டு சுவிச்சை விழுத்துது. எர்த் ரொட்டைப் பிடுங்கி எறிஞ்சாலும் அது விழும். மல்ரிமீற்றருக்கு உள்ளுக்கு 10 மெகாஓம் அளவில ரெசிஸ்ரன்ஸ் இருக்கு. ரொட் 1000 ஓமில கிடந்தாலும் 228 வோல்ற்தான் காட்டும்.

பல்ப் வேலை வேண்டாம். ட்றிப் சுவிச் இருந்தால் உடன விழும், பழைய வீட்டில இல்லாட்டில் இன்னும் மோசம். 100 வாற் பல்ப் இழுக்கிறது 0.43 அம்பியர். எர்த் 60 ஓம் எண்டாலும் அதில விழுறது 26 வோல்ற்தான், பல்ப் நல்லாத்தான் எரியும். எர்த் எங்கையாவது அறுந்திருந்தால் பல்ப் எரியாது, ஆனால் எர்த் வயர் ஓடுற ஒவ்வொரு தகரப் பெட்டிக்கும் அந்தப் பல்ப் வழியா 230 வோல்ற் ஏறி நிக்கும்.

முதல் வீட்டுக்குள்ள பாருங்கோ. மெயினை நிப்பாட்டி, பிறிட்ஜ் பிளக்கைக் கழட்டி, நீளமான வயர் ஒண்டின்ர ஒரு முனையை மெயின் போர்ட்டில எர்த் வயரெல்லாம் சேருற எர்த் பாரில கட்டி, மறுமுனையை மல்ரிமீற்றரில குடுத்து, ஒவ்வொரு பொயின்ற்றின்ர எர்த் ஓட்டையையும் ஓம் ரேஞ்சில அளவுங்கோ. அந்த வயரின்ர ஓமைக் கழிச்சுப் பார்க்க 1 ஓமுக்குக் கீழ வரவேணும். பிறகு பிளக்கின்ர எர்த் பின்னுக்கும் பிறிட்ஜ் உடம்பில பெயின்ற் இல்லாத ஒரு ஆணிக்கும் இடையில. எக்ஸ்ரென்சன் வயர் இருந்தால் அதையும் சேர்த்து.

கோடைக்கிணறு:
ரொட்டை அளக்க மூன்று முனை எர்த் ரெஸ்ரர் வேணும். மெயினை நிப்பாட்டி, ரொட்டில இருந்து எர்த் வயரைக் கழட்டுங்கோ. திரும்பப் பூட்டாமல் மெயினைப் போடக்கூடாது. ரொட்டில இருந்து ஒரே நேர்கோட்டில 20 மீற்றரில கரண்ட் முளை, 12.4 மீற்றரில, அதாவது 62 வீதத்தில, வோல்ற்றேஜ் முளை. பிறகு நடு முளையை 2 மீற்றர் முன்னுக்கும் பின்னுக்கும் நகர்த்தி அளவுங்கோ. மூன்று அளவும் கிட்டத்தட்ட ஒண்டா வந்தால்தான் அது ரொட்டின்ர அளவு. எகிறி எகிறி வந்தால் முளை மண்ணில பிடிக்கேல்லை. முளையடியில தண்ணி ஊத்தலாம், ஆனால் அளக்கிற ரொட்டடியில ஒரு சொட்டும் ஊத்தாதேங்கோ.

எங்கட பக்கம் அளக்கவேண்டியது ஆவணி, புரட்டாதியில. மார்கழி மழையில எடுத்த நல்ல அளவை நம்பி இருந்தால் கோடையில அது பலமடங்காயிடும். உங்கட ரொட் இரண்டரை அடிதானே, முழுக்கக் காயிற மேல்மண்ணுக்குள்ளதான் நிக்குது.

வட்டக்கச்சி_வளவு:
எக்ஸ்ரென்சனுக்குள்ள இரண்டு வயர்தான், எர்த்தே இல்லை! மூன்று ஓட்டையும் இருந்ததால ஏமாந்திட்டன். ரொட்: 380, 372, 391 ஓம்.

மூன்றுமுனை:
சுர்ரெண்டு இழுத்தது அதாலதான். கசிவு ட்றிப் சுவிச் விழுற 30 மில்லி அம்பியருக்குக் கீழ, எர்த்தும் இல்லை, அப்ப உங்கட உடம்புதான் வழி. எக்ஸ்ரென்சனை எறியுங்கோ.

380 ஓமுக்கு 30 மில்லி அம்பியர் ட்றிப் சுவிச் விழும், தொடுற உடம்புக்கு எல்லையா எடுக்கிற 50 வோல்ற்றுக்குக் கணக்குப் பார்த்தால் 1667 ஓம் வரை இடமிருக்கு. ஆனால் 200க்கு மேல போனால் நிலையில்லாதது எண்டுதான் எடுக்கிறது. ட்றிப் சுவிச் பழுதானால் ஒண்டும் காப்பாத்தாது: 230ஐ 380ஆல பிரிச்சால் 0.6 அம்பியர், 16 அம்பியர் பிறேக்கர் அசையவும் மாட்டுது.

கோடைக்கிணறு:
அறுத்த ரொட்டை விட்டிட்டு, கிணத்தடித் தண்ணி ஓடி வாழைக்குப் போற இடமாப் பார்த்துப் புதுசு அடியுங்கோ. கல்லுத் தட்டினால் அறுக்காமல் சரிச்சு அடிக்கலாம். 100 ஓம்-மீற்றர் (மண் கரண்டைத் தடுக்கிற அளவு) மண்ணில 4 அடி ரொட் ஒண்டு ஏறத்தாழ 70 ஓம், 8 அடி எண்டால் 40. அதால "10 ஓம் வேணும்" எண்டு ஒரு ரொட்டோட மல்லுக்கட்டாதேங்கோ. இரண்டாவதை 8 அடிக்கு அங்கால அடிச்சு 6 சதுர மில்லிமீற்றர் பச்சை-மஞ்சள் வயரால இணையுங்கோ. உப்பும் கரியும் போட்டால் முதல் வருசம் நல்ல அளவு காட்டும். பிறகு மாரித் தண்ணி உப்பைக் கழுவிக்கொண்டு போயிடும், கிளாம்பும் அரிச்சிடும். கிளாம்ப் மேல ஒரு பிவிசி குழாய்த் துண்டும் மூடியும் வைச்சால் வருசா வருசம் பார்க்க வசதி.

யானை வேலிக்கு எனர்ஜைசர் (வேலிக் கம்பிக்கு விட்டுவிட்டு கரண்ட் அடிக்கிற பெட்டி) வைச்சிருந்தால் அதின்ர எர்த்தை வீட்டு ரொட்டில பூட்டாதேங்கோ. 10 மீற்றருக்கு அங்கால தனி ரொட். இல்லாட்டி வேலி அடிக்கிற ஒவ்வொரு துடிப்பும் வீட்டு எர்த் வயருக்குள்ள வரும்.