பிரேக் ஆயில் குறைந்தபோது நான் ஊற்றியதும், ஊற்றியிருக்கக் கூடாததும்

வளைவில் திரும்பும்போது மட்டும் டாஷ்போர்டில் ஒரு சிவப்பு விளக்கு எரிந்து அணைவதை முதலில் கவனித்தது பக்கத்து இருக்கையில் இருந்த என் மனைவிதான். கைப்பிரேக் முழுதாக இறங்கவில்லை என்று நினைத்து அதை இரண்டு முறை ஏற்றி இறக்கினேன். கைப்பிரேக்குக்கும் பிரேக் ஆயிலின் அளவுக்கும் பல கார்களில் ஒரே விளக்குதான் என்பது எனக்கு அப்போது தெரியாது. மறுநாள் காரைச் சமதளத்தில் நிறுத்தி பானெட்டைத் திறந்தபோது, மிதியின் அழுத்தத்தைத் திரவத்துக்குக் கொடுக்கும் மாஸ்டர் சிலிண்டரின் மேல் உட்கார்ந்திருக்கும் வெண்ணிறப் பிளாஸ்டிக் குப்பியில் திரவம் குறைந்தபட்சக் கோட்டை ஒட்டிக் கிடந்தது. வளைவில் அது ஒரு பக்கம் சாயும்போதெல்லாம் உள்ளே இருக்கும் மிதவை இறங்கி விளக்கை எரியவைத்திருக்கிறது.

ஒரு பாட்டில் வாங்கி அதிகபட்சக் கோடு வரை ஊற்றினேன், விளக்கு அணைந்தது. வேலை முடிந்துவிட்டது என்று இரண்டு மாதம் நிம்மதியாக ஓட்டினேன்.

பிறகு முன்சக்கர பிரேக் பேடுகளை மாற்றக் கொடுத்தபோது, புதிய தடித்த பேடுகளுக்கு இடம் விடுவதற்காக மெக்கானிக், பேடுகளை அழுத்திப் பிடிக்கும் பகுதியான காலிப்பரின் பிஸ்டன்களை உள்ளே தள்ளினார். அங்கிருந்த திரவம் குழாய் வழியாகக் குப்பிக்குத் திரும்பி, மூடியைத் தாண்டி வழிந்தது. "மேலே ஊற்றினீர்களா, சார்?" என்பதுதான் அவர் கேட்ட முதல் கேள்வி. பேடு தேயத் தேய பிஸ்டன் வெளியே நகர்கிறது. அதன் பின்னால் உண்டாகும் இடத்தை நிரப்பத் திரவம் கீழே இறங்குகிறது. எனவே என் குப்பியில் குறைந்தது எங்கும் ஒழுகிப் போகவில்லை, இடம் மாறியிருந்தது, அவ்வளவுதான். பேடு தேய்ந்துவிட்டது என்று சொல்லிக்கொண்டிருந்த விளக்கை நானே பணம் கொடுத்து அணைத்திருந்தேன்.

வழிந்த திரவத்தை யாரும் உடனே கவனிக்கவில்லை. இரண்டு நாள் கழித்துப் பார்த்தபோது, அது பட்ட இடத்தில் பெயின்ட் சுருங்கி, விரல் வைத்தால் தோலாக உரிந்து வந்தது. சிந்திய உடனே நிறையத் தண்ணீர் ஊற்றிக் கழுவியிருந்தால் தப்பித்திருக்கலாம். இந்தத் திரவம் தண்ணீரில் எளிதாகக் கரைந்துவிடும்.

* * *

மேலே எழுதிய நண்பருக்குப் பேடு தேய்ந்திருந்தது. எனக்கோ பேடுகள் புதியவை, ஆனாலும் மூன்று வாரத்தில் அளவு ஒரு விரற்கடை இறங்கியது. அப்படியானால் ஒழுக்குதான். நான்கு சக்கரங்களின் உட்புறத்தையும் டார்ச் அடித்துப் பார்த்தேன், காய்ந்தே இருந்தன. கடைசியில் கிளட்ச் மிதிக்கு மேலே கையை விட்டபோது விரல்கள் வழவழத்தன. கியர் மாற்றி ஓட்டும் பல கார்களில் திரவ அழுத்தத்தில் இயங்கும் ஹைட்ராலிக் கிளட்சும் இதே குப்பியிலிருந்துதான் திரவம் எடுத்துக்கொள்கிறது என்பதால், பிரேக்கை மட்டும் சோதித்துவிட்டு மூடிவிடக் கூடாது.

திரவம் வாங்கும்போது எண்ணைப் பார்த்து ஏமாறவும் இருந்தேன். என் கார்க் குப்பியின் மூடியில் டாட் 4 என்ற தரக்குறியீடு பொறித்திருக்க, டாட் 5 இன்னும் உயர்ந்தது என்று கடையில் சொன்னார்கள். டாட் 3, டாட் 4, டாட் 5.1 மூன்றும் கிளைக்கால் வகையைச் சேர்ந்தவை. டாட் 5 மட்டும் சிலிக்கோன் வகை. மற்றவற்றோடு அதைக் கலக்கவே கூடாது. 5-க்கும் 5.1-க்கும் நடுவே ஒரு புள்ளிதான் இருக்கிறது, ஆனால் இரண்டும் வேறு வேறு இனம். இப்படிப் பெயர் வைத்தவர்களை என்னவென்று சொல்வது! டாட் 3 கேட்கும் காரில் பொதுவாக டாட் 4 ஊற்றலாம், டாட் 4 கேட்கும் காரில் டாட் 3-க்கு இறங்கக் கூடாது. மூடியிலும் கையேட்டிலும் இருப்பதை அப்படியே வாங்குவதே எனக்குச் சரியாகப் படுகிறது.

* * *

மூன்றாவதாக எழுதுகிறேன். என் காரின் குப்பி எப்போதும் அதிகபட்சக் கோட்டில்தான் இருந்தது. ஐந்து ஆண்டுகளாக அதைப் பார்த்து நான் திருப்திப்பட்டுக்கொண்டிருந்தேன்.

ஆட்களும் மூட்டைகளும் நிறைந்த காரோடு நீண்ட மலைப்பாதையில் இறங்கியபோது, கியரைக் குறைக்காமல் பிரேக்கிலேயே கால் வைத்து வந்தேன். முதலில் தீய்ந்த வாடை வந்தது. அடுத்த வளைவுக்கு முன் மிதித்தபோது, மிதி பஞ்சை அமுக்கியதுபோல அடிவரை இறங்கியது. கார் வேகம் குறையவில்லை. விட்டு விட்டு நாலைந்து முறை மிதித்தேன், இரண்டாவது கியருக்கும் பிறகு முதல் கியருக்கும் மாற்றினேன், கேபிளில் இயங்கும் கைப்பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி ஓரத்தில் நிறுத்தினேன். அரை மணி நேரத்தில் சூடு தணிந்ததும் மிதி பழையபடி கெட்டியாகிவிட்டது, எதுவுமே நடக்காததுபோல.

இந்தத் திரவம் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சக்கூடியது. புதிய டாட் 4 குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது என்பது விதி; ஏறத்தாழ 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்த நிலைக்கு விதிக்கப்பட்ட எல்லையோ 155 டிகிரிதான். கொதித்தால் குழாயில் ஆவிக் குமிழ்கள் உண்டாகின்றன, காலின் அழுத்தமெல்லாம் அந்தக் குமிழ்களைச் சுருக்குவதிலேயே போய்விடுகிறது. குப்பியில் மேலாகப் புதியதை ஊற்றுவதால் இதற்குத் தீர்வு கிடைக்காது. சூடேறுகிற காலிப்பரில் பழையதுதான் தங்கியிருக்கும். சக்கரம் சக்கரமாக நிப்பிள் என்ற சிறு திருகைத் திறந்து பழையதை வெளியேற்ற வேண்டும். என் காரிலிருந்து வந்தது கரும்பழுப்பாக இருந்தது. ஆனால் நிறத்தை மட்டும் நம்ப வேண்டாம், ஈரத்துக்கு நிறம் கிடையாது. ஈரத்தைக் காட்டும் சோதனைப் பேனா மெக்கானிக்குகளிடம் உண்டு. இப்போது இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை முழுதாக மாற்றுகிறேன். திறந்து பாதி மிச்சம் வைத்த பாட்டிலையும் பின்னால் பயன்படுத்துவதில்லை.

* * *

என் பகிர்வு சிறியது. 'ஆயில்' என்ற பெயரை நம்பிய ஒருவர், அவசரத்துக்கு என் காரின் பிரேக் குப்பியில் என்ஜின் ஆயிலைக் கொஞ்சம் ஊற்றிவிட்டார். மறுநாள் மூடியைக் கழற்றினால், அதன் உள்ளே இருக்கும் ரப்பர் ஊதிப் பெருத்து, திரும்ப மூடிக்குள் அடங்க மறுத்தது. உள்ளே திரவம் கசியாமல் தடுக்கும் ரப்பர் சீல்களுக்கும் அதே கதிதான் என்றார்கள். மாஸ்டர் சிலிண்டரிலிருந்து சக்கரங்கள் வரை ரப்பர் தொட்ட அத்தனையும் மாற்ற வேண்டியதாயிற்று.

* * *

முதலில் எழுதியவன் மீண்டும் வருகிறேன். இப்போது மூடியைத் திறக்கும் முன் சுற்றியுள்ள தூசியைச் சுத்தமான துணியால் துடைக்கிறேன், ஒரு மணல் துகள் உள்ளே போனாலும் ரப்பர் சீலைக் கீறிவிடும். பேடு மாற்றிய அன்று குப்பியின் வெளிப்புறத்தில் மார்க்கர் பேனாவால் ஒரு கோடு போட்டு, பக்கத்தில் கிலோமீட்டரையும் எழுதிவைத்தேன். போன வாரம் பார்த்தபோது திரவம் அந்தக் கோட்டுக்கு அரை விரல் கீழே இருந்தது. சக்கரத்தின் இடைவெளியில் டார்ச் அடித்துப் பேடைப் பார்த்தேன்: சுமார் 4 மில்லிமீட்டர் மிச்சமிருந்தது. பாட்டிலைத் திறக்காமல், பேடு மாற்ற நாள் குறித்துவிட்டு வந்தேன்.